உங்கள் வீட்டுக்கு விலை சொல்பவர் யார்?

(வீட்டுக்கடன் வாங்கியோருக்கான பகுதிக் கூட்டத்தில் பொறியாளர் அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.)



மேடையில் ஏறினால் அரசியல் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானும் அரசியல்தான் பேசப் போகிறேன். ஆனால் அது உங்கள் வீட்டு வாசலில் இருந்து தொடங்கும்.

இங்கே வீட்டுக்கடன் வாங்கியவர்கள் கை தூக்குங்க. பாதிக்கு மேல் இருக்கு. சரி. கடன் கொடுப்பதற்கு முன்னாடி வங்கி ஒருத்தரை அனுப்பியிருக்கும். கையில் டேப், செல்போன். நாலு பக்கமும் போட்டோ எடுத்திருப்பார். அவர் பேர் ஞாபகம் இருக்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்கியே வைத்திருங்க.

பாருங்க, ஒரு கைகூட இல்லை.

என் தம்பி வீட்டிலும் இதே கதைதான். ஒரு வங்கியில் கடனுக்கு மனு போட்டான். மதிப்பீட்டாளர் வந்தார். மொத்தம் பத்து நிமிஷம். மாடிக்கே ஏறவில்லை. "சார், மேலேயும் ரெண்டு ரூம் இருக்கு, அப்ரூவல் பிளான்ல இருக்கு"ன்னு தம்பி சொன்னதுக்கு, "பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து வங்கி சொன்ன மதிப்பு, பேசி வைத்த விலையைவிடப் பல லட்சம் குறைவு. அறிக்கையைக் காட்டுங்கன்னு கேட்டோம். "அது வங்கியின் உள் ஆவணம், தர முடியாது" என்றார்கள். அந்த அறிக்கைக்குக் கட்டணம் கட்டியது யார்? என் தம்பி. காசு நம்மளது, காகிதம் அவங்களது!

நான் கட்டடப் பொறியாளர். சைட்டில் செங்கலும் கம்பியும் எண்ணிப் பழகியவன். அதனால் இந்த மனிதர் யார், இவருக்கு என்ன தகுதி, யார் லைசென்ஸ் கொடுத்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடிக் கிடைத்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

முதலில், இந்த மதிப்பு நம்மை எங்கே அடிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீங்க 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு பேசுறீங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சத்துக்குள் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். ஆக, 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் கடன் கிடைக்கும், 10 லட்சம் நாம் போட வேண்டும். பத்திரச் செலவு தனி. நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது நாலரை லட்சம். இந்தச் செலவைப் பொதுவாக வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் வாங்க முடியாது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும்தான் விலக்கு. ஆகக் கையிலிருந்து 14 லட்சத்து 50 ஆயிரம். நகையை வைத்து, சீட்டை எடுத்து, மாமனாரிடம் கேட்டு எப்படியோ புரட்டிட்டீங்க.

இப்போ மதிப்பீட்டாளர் வந்து, "இந்த வீடு 42 லட்சம்தான் போகும்" என்று எழுதிவிட்டார். வங்கி 42 லட்சத்தில் 80 சதவீதம்தான் தரும். 33 லட்சத்து 60 ஆயிரம். ஒரே கையெழுத்தில் 6 லட்சத்து 40 ஆயிரம் கூடுதலாக நம் தலையில். அதற்குள் விற்பவருக்கு முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாச்சு. மீதியைப் புரட்ட முடியவில்லை என்றால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு.

அவர் சொன்ன 42 லட்சம் சரியாகவே இருக்கலாம். விற்பவர் ஏமாற்றியிருக்கலாம். அப்படி என்றால் அந்த மதிப்பீட்டாளர் நம்மைக் காப்பாற்றியவர், அவருக்கு மாலை போடணும். ஆனால் அவர் சரியாகச் சொன்னாரா, பத்து நிமிஷத்தில் அள்ளித் தெளித்தாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? அறிக்கையே கையில் இல்லையே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. மதிப்பைக் கூட்டி எழுதினால் என்ன ஆகும்? புரோக்கரும் விற்பவரும் சொன்ன விலைக்கே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால், 42 லட்ச ரூபாய் வீட்டை 50 லட்சம் கொடுத்து வாங்கி, 20 வருஷம் அந்தக் கூடுதல் காசுக்கும் சேர்த்து வட்டி கட்டுவது நாம்.

மூன்றாவது அடிதான் பெரிய அடி. வேலை போய், உடம்பு முடியாமல், தவணை நின்றுவிட்டது. சர்ஃபேசி சட்டம் வருகிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக் காத்திருக்காமலே வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். ஏலத்துக்கு முன் ஒரு மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி, அதை வைத்துத்தான் குறைந்தபட்ச ஏல விலையை வைக்க வேண்டும். வீடு 60 லட்சம் பெறும், பாக்கி 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக விற்றால் செலவு போக மீதி உங்களுக்கு வர வேண்டும், அதையும் சட்டமே சொல்கிறது. கிட்டத்தட்ட 25 லட்சம். ஆனால் மதிப்பீடு 42 லட்சம் என்று இறங்கி, வீடு 43 லட்சத்துக்குப் போனால்? கையில் 8 லட்சம்கூட மிஞ்சாது. ஒரு குடும்பம் மறுபடி எழுந்து நிற்குமா, தெருவுக்கு வருமா என்பதை அந்த ஒரு தாள் முடிவு பண்ணுது, தோழர்களே.

சரி, இவ்வளவு அதிகாரம் உள்ளவருக்கு நம் நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது? ஒன்று இல்லை, இரண்டு கதவு இருக்கிறது.

முதல் கதவு, 1957-ஆம் ஆண்டு சொத்து வரிச் சட்டம். மாநகராட்சிக்கு நாம் கட்டுகிற வரி இல்லை இது. பணக்காரர்களின் செல்வத்தின் மீது மத்திய அரசு போட்ட வரி. அதில் 34ஏபி என்று ஒரு பிரிவு. மதிப்பீட்டாளர்கள் வருமான வரித் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2015 பட்ஜெட்டில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். வரி போய்விட்டது, ஆனால் பதிவு நிற்கிறது! சர்ஃபேசி விதிகளில் "அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர்" என்று யாரைச் சொல்கிறார்கள் தெரியுமா? இந்த 34ஏபி-யில் பதிவு பெற்று, அந்த வங்கியின் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டவரை. செத்துப்போன வரியின் பதிவேட்டை வைத்துத்தான் நம் வீட்டை ஏலம் விடுகிறார்கள்.

இரண்டாவது கதவு, 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 247-வது பிரிவு. இதற்கான விதிகள் 2017 அக்டோபரில் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, விதிகள் நல்லாவே இருக்கு. நிலம், கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் ஆக வேண்டும் என்றால் சிவில் பொறியியல், கட்டடக்கலை அல்லது நகரமைப்பில் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் பின் ஐந்து ஆண்டு அனுபவம். முதுநிலைப் படிப்பு என்றால் மூன்று ஆண்டு. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, 50 மணி நேரப் பாடம் படிக்கணும். பிறகு தேர்வு. நூற்றுக்கு 60 எடுத்தால்தான் பாஸ், தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். இதையெல்லாம் தாண்டினால் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம், அதாவது ஐபிபிஐ, பதிவு எண் தரும்.

கடமையும் எழுதியிருக்கு. பாரபட்சமில்லாமல் மதிப்பிட வேண்டும். தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு உள்ள சொத்தைத் தொடக்கூடாது. எந்த நோக்கத்துக்காக மதிப்பிட்டேன், எப்போது நேரில் பார்த்தேன், தகவல் எங்கிருந்து எடுத்தேன் என்று அறிக்கையில் எழுத வேண்டும். ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதம். வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரணும், நஷ்டத்துக்கும் பொறுப்பேற்கணும்.

அப்புறம் என்ன குறைன்னு கேட்பீங்க. இந்தச் சட்டம் யாருக்கு? கம்பெனிச் சட்டத்தின் கீழும் திவால் சட்டத்தின் கீழும் நடக்கும் மதிப்பீடுகளுக்கு. கம்பெனியின் கட்டடத்தை மதிப்பிடுபவருக்குத் தேர்வு உண்டு, தண்டனை உண்டு. ஆவடியில் ஒரு தொழிலாளி வாங்கும் 600 சதுர அடி வீட்டை மதிப்பிடுபவருக்கு? வீட்டுக்கடன் மதிப்பீட்டை இந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே நடப்பது வங்கியின் கொள்கை. 2007 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஒப்புதலோடு மதிப்பீட்டுக் கொள்கை வைத்துக்கொள்ளுங்கள், சொத்தில் தனக்குப் பங்கில்லாத, தகுதியுள்ள மதிப்பீட்டாளரைப் பட்டியலில் சேருங்கள் என்றது. 50 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்து என்றால் குறைந்தது இரண்டு பேரிடம் மதிப்பு வாங்க வேண்டும் என்றும் சொன்னது.

கவனிச்சீங்களா? 50 கோடிக்கு இரண்டாவது கருத்து கட்டாயம். 50 லட்சத்துக்கு ஒருத்தர் போதும். ஆனால் அந்த 50 லட்சம்தான் ஒரு குடும்பத்தின் மொத்த ஆயுள் சேமிப்பு.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்போம். அமெரிக்காவும் பட்டுத் தெரிந்துகொண்ட நாடுதான். 1980-களில் அங்கே வீட்டுக்கடன் கொடுக்கும் சேமிப்பு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் திவாலாகின. காரணம் பல. அதில் ஒன்று, இஷ்டத்துக்கு ஏற்றி எழுதிய சொத்து மதிப்புகள். 1989-இல் சட்டம் போட்டார்கள். தேசிய அளவில் குறைந்தபட்சத் தகுதியை ஒரு வாரியம் வகுக்கும், லைசென்ஸை மாநிலங்கள் கொடுக்கும்.

வீடுகளை மட்டும் மதிப்பிடுபவருக்கே அங்கே தனி லைசென்ஸ் உண்டு. தொடங்கும்போது 75 மணி நேரப் படிப்போடு பயிற்சியாளர். மொத்தம் 150 மணி நேரப் படிப்பும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் 1,000 மணி நேர வேலையும் முடித்து, தேர்வில் தேறினால் லைசென்ஸ். அதற்கு மேல்நிலைச் சான்றுக்கு 200 மணி நேரப் படிப்பு, 1,500 மணி நேர அனுபவம். லைசென்ஸ் வாங்கியதோடு முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தொழில் விதிகளைத் திரும்பப் படித்தாக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. முதல் அடமானத்தின் மேல் வாங்கும் வீட்டுக்கடனில், மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் கேட்டவருக்கு வங்கி கொடுத்தே ஆகணும். நகலுக்குத் தனிக் காசு கேட்கக்கூடாது. 2014 ஜனவரி முதல் இது நடைமுறை. கேட்டால் தருகிறோம் என்பதில்லை, கேட்காமலே தர வேண்டும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பயிற்சிக்கு மூத்தவர் கிடைக்காமல் இளைஞர்கள் அலைகிறார்கள். தன் தொழிலுக்கே போட்டியாளரை யார் வளர்ப்பார்? தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கே இடம் கிடைக்கிறது என்ற குறை அங்கே பலகாலமாக உண்டு. அதனால் மூத்தவரைத் தேடி அலையாமல், கணினி வழியாக மாதிரி வீடுகளில் பயிற்சி முடிக்கும் ஒரு வழியையும் திறந்தார்கள். நமக்கும் இதில் பாடம் இருக்கு. லைசென்ஸ் வேண்டும் என்று கேட்கும்போதே, அது நாலு பேர் கையில் சிக்கிய பூட்டாக மாறக்கூடாது என்றும் கேட்க வேண்டும்.

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "இன்னொரு லைசென்ஸா? இன்னொரு அலுவலகம், இன்னொரு மேசை, இன்னொரு கவர்?" நியாயமான பயம். ஆனால் லைசென்ஸ் இல்லாததால் அதிகாரம் இல்லாமல் போகவில்லை. யார் மதிப்பிடுவது என்பதை வங்கி தீர்மானிக்கிறது, பட்டியலில் இருந்து எடுப்பதும் வங்கிதான். அடுத்த வேலை கொடுக்க வேண்டியவரின் மனசு கோணாமல் எழுத வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, நேர்மையாக இரு என்றால் எப்படி? நேர்மையான மதிப்பீட்டாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வெயிலில் அலைந்து, பத்திரத்தையும் புல வரைபடத்தையும் ஒப்பிட்டு, பக்கத்துத் தெருவில் போன விலையை விசாரித்து எழுதுகிறவர்கள். பத்து நிமிஷத்தில் எழுதுகிறவருக்கும் அவர்களுக்கும் ஒரே கூலி. நல்ல சட்டம் வந்தால் முதலில் சந்தோஷப்படப் போவது அவர்கள்தான்.

இது புதுசா நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவே 2020-இல் மதிப்பீட்டாளர்களுக்கென்று தனிச் சட்ட வரைவு கொடுத்தது. எம்.எஸ்.சாஹு தலைமையிலான குழு. மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்றது. வரைவு தயாரானது. சட்டம் வந்து சேரவில்லை.

அதனால் நாம் கேட்பது ஐந்தே ஐந்து.

ஒன்று: குடியிருக்கும் வீட்டை மதிப்பிடும் எவரும், கடனுக்கானாலும் ஏலத்துக்கானாலும், ஒரே சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். காலாவதியான வரியின் பதிவேடு போதாது.

இரண்டு: அறிக்கையின் நகல் கடன் கேட்டவர் கைக்கு வர வேண்டும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு.

மூன்று: எந்த வேலைக்கு எந்த மதிப்பீட்டாளர் என்பதைக் கிளை மேலாளர் கையில் விடாமல், பட்டியலில் இருந்து சுழற்சி முறையில் ஒதுக்க வேண்டும்.

நான்கு: மதிப்பு தவறு என்று கருதினால், இரண்டாவது மதிப்பீடு கேட்கும் உரிமை வேண்டும். ஏல விலை வைக்கும்போது அது கட்டாயம்.

ஐந்து: கிராமத்துப் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் பயிற்சி இடம் வேண்டும். நம் ஊரில் சிவில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நம் மண்ணைத் தெரிந்த பிள்ளைகள். மழை வந்தால் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று கைபேசி வரைபடம் சொல்லாது, அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் வருகிற வரைக்கும் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்றேன், குறித்துக்கொள்ளுங்க.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் வீட்டில் இருங்க. பேரையும் பதிவு எண்ணையும் கேளுங்க. மரியாதையாகக் கேட்டால் போதும், "சார், உங்க ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன, எழுதிக்கிறேன்" என்று. ஐபிபிஐ பதிவு என்றால் அவர்கள் இணையதளத்திலேயே பெயரைப் பார்க்கலாம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் நாலையும் நகலெடுத்துக் கையில் கொடுங்க. அடுக்குமாடி என்றால் உங்கள் பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பார்த்துச் சொல்லுங்க. மாடி, கிணறு, போர், சுற்றுச்சுவர் எதையும் விடாமல் காட்டுங்க.

அறிக்கை நகலை எழுத்து மூலம் கேளுங்க. இல்லை என்றாலும் எழுத்து மூலம் சொல்லச் சொல்லுங்க. புகாருக்கு 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கடன் தருவது என்பது வங்கியின் வணிக முடிவு, குறைதீர்ப்பாளர் அதில் தலையிடமாட்டார். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறோம்.

கைடுலைன் மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்று என்று நினைக்காதீங்க. கைடுலைன் மதிப்பு, பத்திரப்பதிவுக்கு மாநில அரசு வைக்கும் அடிப்படை விலை. 2017-இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-இல் மறுபடி ஏற்றினார்கள். அதே வீடு, அதே சுவர். அந்த எண்ணைக் காட்டி யாராவது "உங்க வீடு இவ்வளவுதான்" என்றால், சந்தை விலை என்ன என்று தனியாகக் கேளுங்க.

தவணை நின்று நோட்டீஸ் வந்துவிட்டால், தயவுசெய்து அதை பீரோவில் ஒளித்து வைக்காதீங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நோட்டீஸில் 60 நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தால், வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டை எடுக்க நடவடிக்கை எடுத்த பிறகு, 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். ஏல மதிப்பு அநியாயமாகக் குறைவு என்றால் அங்கேதான் சொல்ல வேண்டும். வெறும் கையோடு போகாமல், தெருவில் சமீபத்தில் பதிவான விற்பனைப் பத்திரங்களின் நகலோடு போங்க. நாள் தவறினால் வழக்கறிஞராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தோழர்களே, நிறைவாக ஒன்று. என் தம்பி கடைசியில் அந்த வீட்டை வாங்கினான். எப்படி? அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. மூணு வருஷம் ஆச்சு, இன்னும் மீட்கவில்லை. அந்தத் தோட்டைப் பற்றி அந்தப் பத்து நிமிஷ மனிதருக்குத் தெரியாது. அவர் கெட்டவர் என்றும் நான் சொல்லமாட்டேன். அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நாம் கேட்போம். ஒவ்வொரு பகுதியிலும், வீட்டுக்கடன் நோட்டீஸ் வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க நம் தோழர்கள் வாரம் ஒரு நாள் உட்காருங்கள். படித்த பொறியாளர்கள், வழக்கறிஞர்கள் வந்து கை கொடுங்கள். நம் உறுப்பினர்கள் மன்றங்களில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் பேசட்டும்.

நம் வீட்டுக்கு விலை சொல்பவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

வீட்டுக்கடன் வைத்திருக்கும் உங்கள் உறவினர்களுக்கு இதைப் பகிருங்கள். உங்களுக்கு அறிக்கை நகல் கிடைத்ததா, இல்லையா? கருத்தில் எழுதுங்கள். வங்கியின் பெயரோ, கணக்கு எண்ணோ வேண்டாம், அனுபவம் போதும்.

#வீட்டுமதிப்பு_நம்உரிமை #அறிக்கைநகல்_கொடு